காண்பதைச் சொல்லும் குரல்: அருங்காட்சியக ஒலி வழிகாட்டியும் பார்வையற்றோரும்

தெனிஸ் திதரோவின் 'பார்வையற்றோர் பற்றிய கடிதம்' 1749-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் வென்சென் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அரசையும் திருச்சபையையும் உறுத்தியது அந்நூலின் ஒரு பகுதி. மரணப் படுக்கையிலிருக்கும் பார்வையற்ற கணித மேதை ஒருவரின் வாயில் திதரோ இறைமறுப்பை வைத்திருந்தார். அந்த மேதை கற்பனைப் பாத்திரமல்லர். நிக்கொலஸ் சாண்டர்சன், குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் கண்களை இழந்து, 1711-இல் கேம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவியில் அமர்ந்தவர். திதரோ அவரைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் இறைமறுப்பைவிட நம் கவனத்துக்குரியது வேறொன்று. பழம்பதக்கங்களின் வரிசையைத் தொட்டுப் பார்த்து, கண்ணுள்ள வல்லுநர்களே ஏமாறக்கூடிய போலிகளைச் சாண்டர்சன் தனியே எடுத்துவைத்தார் என்பது அது.

பத்தாண்டுகள் கழித்து, 1759-இல் தொடங்கி, இதே திதரோ பாரிஸ் 'சலோன்' ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதலானார். நவீனக் கலை விமர்சனத்தின் தோற்றுவாயாகக் கருதப்படும் இக்கட்டுரைகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. கிரிம் நடத்திய கையெழுத்து இதழொன்றில் பிரதியெடுக்கப்பட்டு, ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் போன்ற மிகச் சில சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் இருந்ததோ பாரிசுக்கு வெகு தொலைவில். ஓவியங்களை அவர்களால் பார்க்க இயலாது. புகைப்படம் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. ஆக, திதரோ எழுதியது ஓவியத்தைக் காண வழியில்லாத ஒருவருக்காக. தாம் விவரிக்கும் ஓவியத்துக்குள் அவர் நடந்தே போவார். 1767-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெர்னேயின் நிலக்காட்சிகளை, தாம் மலைப்புறத்தில் மேற்கொண்ட உலாக்களாகவே சொல்லிக்கொண்டு போய், அவை ஓவியங்கள் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் வெளிப்படுத்துகிறார். பார்வையற்றோருக்கான ஒலி விவரணையின் வரலாற்றை எழுதுபவர்கள் இவரை முன்னோடியாகக் கொள்வது அரிது. கொண்டால் தவறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. எப்படி விவரிப்பது என்பதில் இன்றும் தீராத வழக்கொன்று உண்டு. அதில் ஒரு தரப்பின் சாட்சியாக அவரை அழைக்கலாம்.

அந்த வழக்குக்கு வருமுன், அருங்காட்சியகத்தில் குரல் ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். இதற்கு விடை எளிது போலத் தோன்றும்: காண முடியாதவருக்குச் சொல்லத்தானே வேண்டும்? ஆனால் தொடக்ககால அருங்காட்சியகங்கள் கண்ணுக்கு மட்டுமேயான இடங்களாக இருக்கவில்லை. 1710-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி உஃபென்பாக், வருகிறவர்கள் எல்லாப் பொருள்களையும் அள்ளித் தொடுகிறார்கள் என்று எரிச்சலோடு எழுதிவைத்தார். ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட உள்ளே விடுகிறார்கள் என்பது அவருடைய கூடுதல் வருத்தம்! பொருளைக் கையில் எடுத்து எடை பார்ப்பதும் தடவிப் பார்ப்பதும் அன்று பார்வையிடுதலின் பகுதியாகவே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் பெருகியது, கண்ணாடிப் பேழைகள் வந்தன, 'தொடாதீர்' பலகைகள் வந்தன. பொருள்களைக் காப்பதற்கு இது தேவையாயிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியின் விலையைச் சாண்டர்சன் போன்றோரே முழுமையாகக் கொடுத்தார்கள். போலிப் பதக்கத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய விரல்களுக்கு அங்கே வேலையில்லாது போயிற்று.

இதைச் சரிசெய்ய முயன்றவர்களில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அருங்காட்சியகக் காப்பாட்சியர் சார்ல்டன் டீஸ் குறிப்பிடத்தக்கவர். 1906 முதல் பார்வையற்ற பள்ளிச் சிறுவர்களை அருங்காட்சியகத்துக்கு வரவழைத்தார். பின்னர் பெரியவர்களையும் அழைத்தார். பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் எலும்புக்கூடுகளும் பிறவும் அவர்கள் கைக்கெட்டும்படி வைக்கப்பட்டன. அருகிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல அவர்கள் தடவிப் பார்த்தார்கள். பிறகு, தொட்டறிந்ததைக் களிமண்ணில் செய்து காட்டினார்கள். 1913-இல் டீஸ் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக்கி வெளியிட்டார். அக்காலத்துப் புகைப்படங்கள் சில கிடைக்கின்றன. விலங்குகளின் உடலைத் தடவும் குழந்தைகளைக் காணலாம். இம்முயற்சியில் தொடுதலும் சொல்லும் பிரியவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் அவை பிரிந்தன.

இருபதாம் நூற்றாண்டில் பதிவுசெய்யப்பட்ட குரல் இரண்டு தனித்தனி ஓடைகளாக ஓடியது. முதலாவது, பார்வையற்றோருக்கான பேசும் புத்தகம். அமெரிக்காவில் 1934-இலும் பிரிட்டனில் 1935-இலும் இது தொடங்கியது. பிரிட்டனின் முதல் பேசும் புத்தகங்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் இருந்தன. முழு நாவலையும் அடக்க வேண்டியிருந்ததால், மெதுவாகச் சுழலும் நீண்டநேர இசைத்தட்டு இவர்களுக்காக முதலில் நடைமுறைக்கு வந்தது. இசை ரசிகர்களின் சந்தைக்கு 'எல்.பி.' தட்டு வந்தது 1948-இல்தான். தொழில்நுட்பத்தின் மிச்சம் மீதிதான் ஊனமுற்றோருக்குப் போய்ச் சேரும் என்ற பொது எண்ணத்துக்கு மாறான செய்தி இது.

இரண்டாவது ஓடை, அருங்காட்சியகத்தின் ஒலி வழிகாட்டி. 1952-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம், வில்லம் சாண்ட்பெர்கின் தலைமையில், இதை அறிமுகப்படுத்தியது. அரங்கைச் சுற்றி ஓடிய கம்பிச் சுருளின் வழியே சிற்றலை வானொலி ஒலிபரப்பாகும். பார்வையாளர் கையில் ஒரு வாங்கி, காதில் ஓர் ஒலிப்பான். விளக்கவுரை ஒலிநாடாவிலிருந்து வருவதால் அனைவருக்கும் ஒரே கணத்தில் ஒரே சொற்றொடர் கேட்கும். கூட்டம் முழுவதும் ஒன்றுபோல நகரும், ஒன்றுபோலத் தலை திருப்பும். ஐம்பதுகளின் இறுதியிலேயே அமெரிக்காவில் இது வணிகமாயிற்று. 'அகூஸ்டிகைட்' நிறுவனத்தின் தொடக்கப் பதிவுகளில் ஒன்றில், ஹைட் பார்க்கிலுள்ள ரூஸ்வெல்ட் இல்லத்தை எலினார் ரூஸ்வெல்ட்டே தம் குரலில் சுற்றிக் காட்டினார். எழுபதுகளில் துத்தங்காமன் புதையல்கள் அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தபோது, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் தாமஸ் ஹோவிங்கின் குரல் கேசட்டில் கூடவே சென்றது.

இந்தக் குரல்கள் எல்லாம் ஓவியத்தின் முன்னோ சிலையின் முன்னோ நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டவை. ஓவியரின் வாழ்க்கை, கால வரலாறு, பாணியின் சிறப்பு எல்லாம் சொல்வார்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். எதற்குச் சொல்ல வேண்டும், கண் முன்னால்தானே இருக்கிறது? பார்வையற்ற ஒருவர் இக்கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டால், ஒரு பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு அப்பொருளை மட்டும் அறியாமல் வெளியே வருவார். வீட்டில் கான்ராடின் கடற்புயலைக் கேட்டுக்கொண்டிருந்த வாசகருக்கும், அருங்காட்சியகத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடந்த பார்வையாளருக்கும் இடையே நெடுங்காலம் பாலம் இல்லை.

பாலம் கட்டப்பட்ட இடம் வாஷிங்டன். கட்டியவர்கள் அருங்காட்சியகத்துறையினர் அல்லர்.

மார்கரெட் ராக்வெல் பார்வையை இழந்தவர். 1974-இல் 'மெட்ரோபாலிடன் வாஷிங்டன் இயர்' என்ற வாசிப்பு வானொலியைத் தொடங்கினார். செய்தித்தாள்களையும் இதழ்களையும் தன்னார்வலர்கள் உரக்கப் படிப்பார்கள். பண்பலை அலைவரிசை ஒன்றின் துணை அலையில் அது சிறப்பு வாங்கிகளுக்குச் சென்று சேரும். இம்முறை 1969-இல் மினசோட்டா மாநிலத்தில் தோன்றியது. 1980 வாக்கில் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கம், காது மந்தமானவர்களுக்கென்று ஒரு ஒலிபெருக்கும் கருவி அமைப்பை நிறுவ முற்பட்டு, ஊனமுற்றோர் சிலரைக் கலந்தாலோசித்தது. அக்குழுவில் ராக்வெல் இருந்தார். கல்வித் துறை அதிகாரியும் பார்வையற்றவருமான செட் ஏவரி என்பவரும் இருந்தார். வசனத்தை உரக்கக் கேட்கச் செய்யும் இதே கருவி, வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் மேடையில் நடப்பதைச் சொல்லவும் பயன்படுமல்லவா என்று ஏவரி கேட்டார். செவிக்காக வாங்கிய கருவி கண்ணின் வேலைக்கு வந்தது. 1981-இல் பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நாடகம் அங்கே விவரணையுடன் நிகழ்ந்தது.

(நாட்டின் மறுகோடியில், சான் ஃபிரான்சிஸ்கோவில், கிரிகரி ஃப்ரேசியர் என்பவர் இதே எண்ணத்தைத் தம் முதுகலை ஆய்வேட்டில் 1975-இலேயே எழுதிவிட்டார். அவர் அணுகியது தொலைக்காட்சி நாடகத்தை. 'முதலில் செய்தவர் யார்' என்ற சண்டை இத்துறையிலும் உண்டு; நாம் அதற்குள் போகவில்லை.)

ராக்வெல்லும், பின்னாளில் அவர் மணந்துகொண்ட கோடி ஃபான்ஸ்டீலும் விவரணையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். கோடி, வாஷிங்டன் மெட்ரோ ரயிலின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். பொதுமக்களிடம் தெளிவாகப் பேசுவதே அவர் தொழில். அவர்களுடைய அடிப்படை விதி ஒன்றுதான்: காண்பதைச் சொல், கருதுவதைச் சொல்லாதே. 'அவன் கோபமாக இருக்கிறான்' என்று சொல்லக்கூடாது. 'கைமுட்டியை இறுக்குகிறான்' என்று சொல்ல வேண்டும். விவரணையாளர் ஒரு நேர்மையான ஒளிப்படக் கருவியைப் போலிருக்க வேண்டும், அவ்வளவே.

இவ்விதியைப் பின்னால் பலரும் குறை கூறினார்கள். குறை கூறுமுன் அது யாரிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வையற்றோர் வாழ்நாள் முழுவதும் பிறருடைய முடிவுகளைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். 'அழகான இடம்', 'நல்ல மனிதர் போல் இருக்கிறார்', 'உங்களுக்கு இது சரிப்படாது' என்றெல்லாம் சொல்லப்படுமே தவிர, எதைக் கண்டு அப்படிச் சொன்னார்கள் என்பது சொல்லப்படாது. முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன், சான்றை மட்டும் கொடு என்ற உரிமைக் குரலாகவே இவ்விதியை நாம் வாசிக்கிறோம். இலக்கிய வாசகர்களுக்கு இது அந்நியமாக இராது. உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்லாமல் செயலைக் காட்டி நிறுத்துவது நம் சிறுகதையாளர்களிலும் சிறந்தோரின் வழக்கம்தான்.

1986-இல் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு. அதையொட்டி அச்சிலைக்கும், நியூயார்க் துறைமுகத்தின் பழைய கோட்டையான காசில் கிளின்டனுக்கும் ஃபான்ஸ்டீல் தம்பதியர் கேசட் வழிகாட்டிகளை உருவாக்கினார்கள். பேசும் புத்தகத்தின் ஓடையும் ஸ்டெடெலிக்கின் ஓடையும் முறையாகக் கலந்த இடமாக இதைக் குறிப்பிடலாம். நாடக அரங்கில் பிறந்த விதி, அசையாத ஒரு பொருளின் முன் முதன்முறையாக நின்றது.

சுதந்திர தேவியை விவரிப்பது எத்தகைய வேலை என்று சற்றே எண்ணிப் பார்க்கலாம். தரையிலிருந்து தீபச்சுடர் வரை 305 அடி. அதில் சிலை மட்டும் 151 அடி. சுட்டுவிரல் 8 அடி நீளம். இந்த எண்கள் காதில் விழுந்து கடந்துவிடும். சுட்டுவிரல் ஒன்றே நின்றிருக்கும் ஆளைவிட உயரம் என்றால் பிடிபடும். செம்புத் தகட்டின் கனம் 2.4 மில்லிமீட்டர், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு நாணயங்களைத் தடவிப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ விளங்கிவிடும். அடுத்தது வலம், இடம். தீபம் சிலையின் வலக்கையில். எதிரில் நிற்பவருக்கு அது இடப்பக்கம். எவருடைய வலம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் முழுச் சிலையும் கேட்பவரின் மனத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அச்சிலை நிற்கவில்லை, நடக்கிறது என்பது. வலது குதிகால் உயர்ந்திருக்கிறது. காலடியில் அறுந்த சங்கிலி கிடக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் புலப்படா. கண்ணுள்ள பெரும்பாலோர் அச்சிலையை அசையாது நிற்கும் பெண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இங்கே 'காண்பதைச் சொல்' என்ற விதி தடுமாறுகிறது. நின்ற இடத்திலிருந்து காண்பதை மட்டும் சொன்னால் சங்கிலி விடுபடும். சங்கிலி விடுபட்டால், அடிமை முறை ஒழிந்த காலத்தில் கருக்கொண்ட அச்சிலையின் பொருளில் ஒரு பாதியே விடுபடும்.

விதியின் சிக்கல் இதுவே என்று நாம் கருதுகிறோம். நாடகத்தில் விவரணை தனியாக நிற்பதில்லை. வசனம் இருக்கிறது, நடிகரின் குரல் இருக்கிறது. 'கைமுட்டியை இறுக்குகிறான்' என்ற சொற்றொடருக்கு முன்னும் பின்னும் ஷாவின் பாத்திரங்கள் பேசுகின்றன. பொருளை அவர்கள் தருவார்கள். விவரணையாளர் கைமுட்டியை மட்டும் கொடுத்தால் போதும். ஓவியம் பேசாது. அதன் முன்னால் அதே விதியைக் கடைப்பிடித்தால் கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு சாமான் பட்டியல்: இடப்புறம் ஒரு சன்னல், நடுவில் மேசை, மேசைமேல் குடம், நீல ஆடை அணிந்த பெண். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் வெர்மீரின் அறை அங்கே இல்லை. விதி பிறந்த வீட்டில் சரியாயிருந்தது. புகுந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை.

சஞ்சயனை இழுக்காமல் நம்மவர் எவரும் இதைப் பற்றி எழுத முடியாது, நாமும் இழுத்துவிடுகிறோம். திருதராஷ்டிரனுக்குப் பார்வை தர வியாசர் முன்வந்தபோது, உறவினர் மடிவதைக் காண விருப்பமில்லை, கேட்டுக்கொள்கிறேன் என்றுதான் அவன் சொன்னான். சஞ்சயன் ஒளிப்படக் கருவியாக நடந்துகொண்டானா என்றால் இல்லை. பீஷ்மர் வீழ்ந்தார் என்ற முடிவை முதலில் சொல்லிவிட்டுத்தான் போரின் முதல் நாளுக்குத் திரும்புகிறான். நடுநடுவே அரசனைக் கடிந்துகொள்கிறான். இதற்கெல்லாம் காரணம் நீயே என்கிறான். அரசனும் வாளாவிருப்பதில்லை. அழுகிறான், இடைமறிக்கிறான், கேள்விமேல் கேள்வி கேட்கிறான். கேசட்டில் இல்லாதது அந்த இடைமறிப்பு.

கருவிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேசட் ஒரே நேர்கோட்டில் ஓடியது. அதில் பார்வையற்றோருக்கு ஒரு வசதி இருந்தது: அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் குரலே சொல்லியாக வேண்டும். 1987-இல் அல்கட்ராஸ் சிறைக்கு ஆன்டெனா நாடகக் குழுவினர் செய்த புகழ்பெற்ற ஒலி உலா, முன்னாள் கைதிகளின், காவலர்களின் குரல்களையும் இரும்புக் கதவுகளின் ஓசையையும் கொண்டே நடத்திச் சென்றது. பார்வையற்றோருக்கென்று செய்யப்படாவிட்டாலும், பல 'சிறப்பு' வழிகாட்டிகளைவிட அது அவர்களுக்கு அணுக்கமாயிருந்திருக்கும் என்பது நம் ஊகம். தொண்ணூறுகளில் எண்முறைக் கருவிகள் வந்தன. வேண்டிய பொருளின் எண்ணை அழுத்தினால் அதன் விளக்கம் மட்டும் கேட்கும். பெரும் விடுதலை என்று கொண்டாடப்பட்டது, கண்ணுள்ளோருக்கு அப்படித்தான். ஆனால் அழுத்த வேண்டிய எண் எங்கே எழுதியிருந்தது? சுவரில், சிறிய அட்டையில், அச்செழுத்தில்! அந்த அட்டையைக் காண முடிந்தவருக்கே குரல் திறந்தது. தொடுதிரை வந்தபோது நிலைமை இன்னும் மோசமாகும் போலிருந்தது, ஏனெனில் தடவி அறியப் பொத்தான்கூட இல்லை. 2009-இல் ஐஃபோனில் 'வாய்ஸ்ஓவர்' சேர்ந்த பிறகு அந்த வழுவழுப்பான கண்ணாடியே பேசத் தொடங்கியது. கருவி பார்வையாளரின் சொந்தக் கைப்பேசியாயிற்று. பின்னர் சுவரில் பதித்த சிறு புளூடூத் குறிப்பான்கள், அருகில் வந்ததும் தாமே கைப்பேசிக்குச் சேதி சொல்லின.

விவரணை பற்றிய வழக்கு, கருவிகள் மாறியும் தீரவில்லை. அதைக் கூர்மையாக எடுத்துப் பேசியவர் ஜார்ஜினா க்ளீகி. கலைஞர்களான பெற்றோருக்குப் பிறந்து, பதினோரு வயதில் சட்டப்படி பார்வையற்றவராக அறியப்பட்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். 2018-இல் வெளிவந்த நூலிலும் அதற்கு முந்தைய கட்டுரைகளிலும், நடுநிலை விவரணை என்ற கொள்கையை அவர் மறுத்தார். எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் சொல்வது என்று தேர்ந்தெடுத்த கணத்திலேயே கருத்து நுழைந்துவிடுகிறது. அப்படியிருக்க, நடுநிலை என்று சொல்லிக்கொள்வது அந்தக் கருத்தை மறைக்க மட்டுமே உதவும். ஓவியத்தை நேசிக்கும் ஒருவர், தம் நேசத்தையும் தம் அறிவையும் ஒளிக்காமல் சொல்லட்டும். ஒருவரல்ல, பலர் சொல்லட்டும். கேட்பவர் முடிவு செய்துகொள்வார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ராக்வெல்லும் பார்வையற்றவர், க்ளீகியும் பார்வையற்றவர். ஒருவர் விவரிப்பவரின் வாயைக் கட்டினார், மற்றவர் அவிழ்த்தார். இருவரும் காக்க முனைந்தது கேட்பவரின் தீர்ப்புரிமையைத்தான். நாம் க்ளீகியின் பக்கம் சாய்கிறோம், குறைந்தபட்சம் அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை. அதற்கு 2020-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையும் காரணம். பிரிட்டனின் வோக்கல்ஐஸ் என்ற விவரணை அமைப்பும் லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழகமும் சேர்ந்து, நாடக விவரணையில் மனிதர்களின் தோற்றம் எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை ஆராய்ந்தன. வெள்ளையரல்லாத பாத்திரம் வரும்போது மட்டும் தோலின் நிறம் குறிப்பிடப்படுவது வழக்கமாயிருந்தது பேசுபொருளாயிற்று. நிறம் சொல்லப்படாதவர் எல்லாம் வெள்ளையர் என்று கேட்பவர் கொள்ள வேண்டும். சொன்ன ஒவ்வொரு சொல்லும் கண்ணால் கண்டதே, பொய் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டதில்தான் பக்கச்சார்பு இருந்தது.

பிட்ஸ்பர்கின் ஆண்டி வார்ஹால் அருங்காட்சியகம் 2016-இல் வெளியிட்ட 'அவுட் லவுட்' வழிகாட்டி, இந்த விவாதத்துக்குப் பின் வந்தவற்றுள் நமக்குப் பிடித்தது. பார்வையற்றோரைத் தொடக்கத்திலிருந்தே உடன் வைத்துக்கொண்டு உருவாக்கினார்கள். இது அவர்களுக்கு மட்டுமான தனிக் கருவியன்று, எல்லோருக்கும் ஒன்றே. ஒவ்வொரு படைப்புக்குமான உரை சிறுசிறு துண்டுகளாக உடைக்கப்பட்டிருக்கும். காட்சி விவரணை ஒரு துண்டு, கதை ஒரு துண்டு, நினைவு ஒரு துண்டு. வேண்டியதைக் கேட்கலாம், போதுமென்றால் நிறுத்தலாம். கூடவே, தொட்டறிய ஓவியங்களின் புடைப்பு மாதிரிகளும் வைக்கப்பட்டன. சண்டர்லாந்தில் சேர்ந்திருந்து பின் பிரிந்த தொடுதலும் சொல்லும் இங்கே மீண்டும் அருகருகே வந்தன. இத்தாலியின் அன்கோனாவில், பார்வையற்ற தம்பதியர் 1993-இல் தொடங்கிய ஓமெரோ அருங்காட்சியகம், புகழ்பெற்ற சிற்பங்களின் பிரதிகளைக் கையால் அறியத் தந்து இதே வழியில் வெகுநாளாக நடந்துவருகிறது.

இந்தியாவில் தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015 டிசம்பரில் 'அனுபவ்' என்ற தொட்டறியும் கூடத்தைத் திறந்தது. 22 படைப்புகளின் மாதிரிகள், பிரெய்ல் குறிப்புகள், ஒலி வழிகாட்டி என்ற அமைப்பு. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு பெரும் நாட்டின் சேகரிப்பில் 22 என்பது எவ்வளவு சிறிய எண் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எண்ணிக்கையை எட்டுவதற்கு இரண்டு வழிகள் இப்போது முயலப்படுகின்றன. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மடிப்பிதழ்களை விவரணையாக்க ஹவாய் பல்கலைக்கழகம் 2014-இல் தொடங்கிய 'யூனிடிஸ்கிரிப்ஷன்' திட்டம் ஒரு வழி. பூங்கா ஊழியர்கள் குழுக்களாகப் பிரிந்து போட்டி போட்டு எழுதுகிறார்கள். பார்வையற்றோர் கேட்டுத் திருத்தம் சொல்கிறார்கள், தீர்ப்பும் சொல்கிறார்கள். வரைபடத்தை வாக்கியமாக்குவது எத்தனை கடினம் என்பதை முயன்று பார்த்தவர்களே அறிவார்கள். மற்றொரு வழி, பொறி. 2015-இல் டென்மார்க்கிலிருந்து வந்த 'பி மை ஐஸ்' செயலியில் தன்னார்வலர்கள் கைப்பேசி வழியே பார்த்துச் சொன்னார்கள். 2023 முதல் அதே செயலியில் செயற்கை நுண்ணறிவும் பார்த்துச் சொல்கிறது. எந்த அருங்காட்சியகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை; கைப்பேசியை ஓவியத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். சலிப்பில்லாமல் சொல்கிறது. மேலும் கேட்டால் மேலும் சொல்கிறது. திருதராஷ்டிரனின் இடைமறிப்புக்கு இங்கே இடமுண்டு. இல்லாத பொருளை இருப்பதாகவும் அதே உறுதியான தொனியில் சொல்லிவிடுகிறது. கேட்பவர் அதைச் சரிபார்க்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டும், இல்லையேல் கையை நீட்டித் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கூடங்களில் அந்தக் கைக்கும் பொருளுக்கும் இடையே கண்ணாடி இருக்கிறது.